பூட்டுக்காரர் மகன் போட்ட கணக்கு

விடிகாலை ஐந்து மணி. லயத்து வாசலில் நின்று நெற்றி விளக்கின் சுவிட்சைத் தட்டுகிறோம். எரியவில்லை. இன்னொரு தட்டு. ஊஹூம். பிரட்டுக்கு நேரமாகிறது. அவசர அவசரமாக மூடியைத் திருகிக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்து, முனையில் பூத்துக் கிடக்கும் துருவைச் சட்டை ஓரத்தால் அழுத்தித் துடைத்து, மறுபடி போட்டு இறுக்குகிறோம். பளிச்சென்று எரிகிறது. அதோடு அந்த விஷயத்தை மறந்துவிட்டுக் காட்டுக்குள் நடக்கிறோம்.

அந்த ஒரு நிமிஷத்தில் நாம் செய்த காரியம் என்ன? பேட்டரியை மாற்றவில்லை. பல்பை மாற்றவில்லை. கரண்ட் ஓடும் பாதையில் நின்ற ஒரு தடையை விலக்கினோம், அவ்வளவுதான். தள்ளுகிற சக்தி எவ்வளவு, வழியில் தடை எவ்வளவு, அதற்குத் தக்கபடிதான் கரண்ட் ஓடும். இந்த உண்மையைச் சொன்னவர் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன். அதைச் சொன்னதற்காக அவர் இழந்தது தம் வேலையை. இந்த வாரம் அவருடைய கதையைத்தான் சொல்லப் போகிறோம்.

அவர் பெயர் ஜார்ஜ் சைமன் ஓம். கோயிலில் கேட்கும் ஓம் அல்ல இது. ஜெர்மனியில் ஒரு குடும்பத்தின் பெயர். ஆனால் இன்று உலகில் மின்சார வேலை செய்யும் எவரும் இந்தப் பெயரைச் சொல்லாமல் ஒரு நாளைக் கழிக்க முடியாது.

பட்டறையில் நடந்த பள்ளிக்கூடம்

1789ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் பவேரியா பகுதியைச் சேர்ந்த எர்லாங்கன் என்ற ஊரில் ஓம் பிறந்தார். தகப்பனார் பூட்டு செய்பவர். தாயார் ஒரு தையற்காரரின் மகள். பிறந்த பிள்ளைகள் ஏழு பேர்; பிழைத்தவர்கள் மூன்றே பேர். ஜார்ஜ், தம்பி மார்ட்டின், ஒரு தங்கை. ஜார்ஜுக்குப் பத்து வயதாக இருந்தபோது தாயாரும் கண்ணை மூடிவிட்டார்.

தகப்பனார் பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். ஆனால் வேலை முடிந்த பிறகு புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு தாமாகவே கணக்கும் பௌதிகமும் கற்றுக்கொண்டவர். தாம் கற்றதை இரண்டு பையன்களுக்கும் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தார். ராத்திரியில் கணக்கு, பகலில் பட்டறை. இரும்பை ராவுவதும், கம்பியை இழுப்பதும், மயிரிழை பிசகாமல் சாவியைப் பொருத்துவதும் பிள்ளைகளுக்குக் கைவந்த கலையாயிற்று. பள்ளிக்கூடத்தில் கிடைத்ததைவிட வீட்டில் கிடைத்ததே அதிகம். அந்த ஊர்ப் பேராசிரியர் ஒருவர் பதினைந்து வயதுப் பையனைச் சோதித்துப் பார்த்து, கணக்கில் இவன் பெரிய ஆளாக வருவான் என்று அசந்து போனாராம்.

1805இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்தவர் ஒழுங்காகப் படித்தாரா? அதுதான் இல்லை. நடனம், பில்லியர்ட்ஸ், பனியில் சறுக்கி விளையாடுவது என்று பொழுது போயிற்று. தமக்குக் கிடைக்காத படிப்பு மகனுக்குக் கிடைத்தும் வீணாகிறதே என்று தகப்பனாருக்கு ஆத்திரம் பொங்கியது. மூன்று பருவத்தோடு படிப்பை நிறுத்தி, 1806இல் சுவிட்சர்லாந்துக்கு வாத்தியார் வேலைக்கு அனுப்பிவிட்டார். பதினேழு வயது. தெரியாத ஊர். அங்கேதான் பையனுக்குப் புத்தி தெளிந்தது. சொல்லிக் கொடுத்துக்கொண்டே தாமும் படித்தார். 1811இல் ஊர் திரும்பி, டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார்.

பட்டம் கிடைத்தது, பிழைப்புக் கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் சொற்பச் சம்பளம். பிறகு பாம்பெர்க் நகரில் பெயர் கெட்டுக் கிடந்த ஒரு பள்ளியில் வேலை. அதையும் 1816இல் மூடிவிட்டார்கள். மனம் தளராமல் வடிவக் கணிதம் பற்றி ஒரு சிறு நூல் எழுதி, 1817இல் பிரஷ்யா மன்னருக்கு ஒரு பிரதி அனுப்பினார். அது பலித்தது. அதே ஆண்டு கொலோன் நகரப் பள்ளியில் கணக்கும் பௌதிகமும் கற்பிக்கும் வேலை கிடைத்தது. அங்கே நல்ல ஆய்வுக்கூடமும் இருந்தது. பட்டறையில் வளர்ந்த கைக்கு வேறென்ன வேண்டும்?

கரண்டை எப்படி அளப்பது?

அந்தக் காலத்து நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். இத்தாலிக்காரர் வோல்ட்டா 1800இல்தான் முதல் பேட்டரியைச் செய்திருந்தார். மின்விளக்கு கிடையாது, விசிறி கிடையாது, மீட்டர் கிடையாது. கம்பியில் ஏதோ ஓடுகிறது என்று தெரியும். எவ்வளவு ஓடுகிறது என்று தெரியாது. 1820இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்ஸ்டெட் ஒன்றைக் கண்டார். கரண்ட் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி இருந்தால் அது திரும்புகிறது. கரண்ட் அதிகமானால் அதிகம் திரும்புகிறது. இதைப் பிடித்துக்கொண்டார் ஓம்.

ஒரு காந்த ஊசியை மெல்லிய உலோகப் பட்டையில் தொங்கவிட்டார். கீழே கம்பி. கரண்ட் ஓடினால் ஊசி விலகும். விலகிய ஊசியைப் பழைய இடத்துக்கே கொண்டுவர மேலே உள்ள பட்டையை எவ்வளவு முறுக்க வேண்டியிருக்கிறதோ, அவ்வளவு கரண்ட் என்று கணக்கு. இப்படி ஒரு கருவிக்குக் கை சுத்தம் வேண்டும். பூட்டுப் பட்டறையில் பழகிய கை இங்கே உதவிற்று.

ஆனால் ஒரு தொல்லை. அன்றைய பேட்டரி ஒரு நிலையில் நிற்காது. இணைத்தவுடன் வேகமாகத் தள்ளும். சற்று நேரத்தில் சோர்ந்துவிடும். தராசுக் கல்லே எடை மாறிக்கொண்டிருந்தால் சாமானை எப்படி நிறுப்பது? 1825இல் அவர் வெளியிட்ட முதல் கணக்கு அதனால் சரியாக அமையவில்லை. அதைப் பார்த்த போகன்டார்ஃப் என்ற பத்திரிகை ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார். இரண்டு வேறு உலோகங்களை இணைத்து, ஒரு முனையைச் சூட்டிலும் மறுமுனையைக் குளிரிலும் வைத்தால் கரண்ட் பிறக்கும் என்று 1821இல் சீபெக் என்பவர் கண்டிருந்தார். அதைப் பயன்படுத்தச் சொன்னார்.

ஓம் அப்படியே செய்தார். செம்பும் பிஸ்மத் என்ற உலோகமும். ஒரு முனை கொதிக்கும் தண்ணீரில், மறுமுனை உருகும் பனிக்கட்டியில். கொதிநீரின் சூடும் மாறாது, உருகும் பனியின் குளிரும் மாறாது. ஆகவே தள்ளும் சக்தியும் மாறாது. தராசுக் கல் நிலைத்துவிட்டது!

எட்டுக் கம்பிகள்

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. பென்சில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே கனமுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை எடுத்தார். நீளம் மட்டும் வேறு. 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். ஒவ்வொன்றாக மாட்டி, ஊசியைப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார். ஒரு முறை எடுத்த அளவில், 2 அங்குலக் கம்பிக்கு ஏறக்குறைய 327 காட்டியது. 130 அங்குலக் கம்பிக்கு 48½ காட்டியது.

நீளம் கூடினால் கரண்ட் குறைகிறது. சரி. ஆனால் கம்பி 65 மடங்கு நீண்டுவிட்டது. கரண்ட் 65 மடங்கு குறையவில்லையே! ஏழு மடங்குகூடக் குறையவில்லை. ஏன்?

இங்கேதான் ஓமின் மூளை வேலை செய்தது. கரண்ட் அந்தக் கம்பியில் மட்டுமா ஓடுகிறது? கருவியின் உள்ளேயும் ஓடித்தானே சுற்றி வருகிறது? அங்கேயும் ஒரு தடை இருக்கத்தானே வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தார். உள்ளே இருக்கும் தடை சுமார் 20 அங்குலக் கம்பிக்குச் சமம் என்று வந்தது. இப்போது கூட்டுங்கள். முதல் கம்பிக்கு 2உம் 20உம் சேர்ந்து 22. கடைசிக் கம்பிக்கு 130உம் 20உம் சேர்ந்து 150. 150ஐ 22ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஏழு! ஊசி காட்டிய கணக்கும் அதுவேதான். மற்ற ஆறு கம்பிகளும் இதே கணக்கில் வந்து விழுந்தன.

ஆக, சங்கதி இதுதான். தள்ளும் சக்தியை, சுற்றுப்பாதையில் உள்ள மொத்தத் தடையால் வகுத்தால் ஓடும் கரண்ட் தெரியும். இதை 1826இல் கண்டார். 1827இல் புத்தகமாக எழுதி பெர்லினில் வெளியிட்டார்.

லயத்துத் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். தொட்டி உயரத்தில் இருந்தால் தண்ணீர் வேகமாகத் தள்ளும். அந்தத் தள்ளல்தான் மின்சாரத்தில் வோல்ட். குழாய் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால் தண்ணீர் திணறும். அதுதான் தடை, அதாவது ஓம். வாளியில் ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு விழுகிறது என்பது ஆம்பியர். ஒரே ஒரு வித்தியாசம். தண்ணீர் வெளியே கொட்டிவிடும். கரண்ட் அப்படிக் கொட்டாது. போன வழியின் மறுமுனை வழியாக, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். பாதையில் ஓர் இடம் அறுந்தாலும் ஓட்டம் முழுவதும் நின்றுபோகும். சுவிட்ச் செய்வதும் அதைத்தான். பாதையை அறுப்பதும் சேர்ப்பதும்.

இப்போது நெற்றி விளக்குக்குத் திரும்புவோம். பேட்டரி முனையில் பூத்த துரு, பாதையில் ஒரு தடை. துடைத்தோம், கரண்ட் ஓடியது. பேட்டரி பழசானால் விளக்கு ஏன் மங்குகிறது? அதன் உள்ளே இருக்கும் தடை ஏறிவிடுகிறது. ஓம் கண்டாரே, கருவிக்குள் ஒளிந்திருந்த அந்த இருபது அங்குலம், அதே கதைதான்.

வேலை போயிற்று

புத்தகம் வந்ததும் மாலை மரியாதை கிடைக்கும் என்று ஓம் நம்பியிருந்தார். எப்படியும் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிடும் என்பது அவர் ஆசை. நடந்தது வேறு. இயற்கையைச் சிந்தனையால்தான் அறிய வேண்டும், கம்பியும் ஊசியும் வைத்து அளப்பது சின்ன வேலை என்று அன்றைய ஜெர்மன் அறிஞர் பலர் எண்ணியிருந்தார்கள். கணக்கு நிறைந்த புத்தகம் பலருக்குப் புரியவும் இல்லை. கடுமையான மதிப்புரைகள் வந்தன. ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு இதெல்லாம் எதற்கு என்ற அலட்சியம் வேறு.

மனம் நொந்த ஓம், 1828இல் கொலோன் வேலையை விட்டு விலகினார். வயது 39. கையில் நிலையான வேலை இல்லை. தம்பி மார்ட்டின் பெர்லினில் கணக்குப் பேராசிரியராக நல்ல நிலையில் இருந்தார். அண்ணன் அதே ஊரில் சில மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளினார். ஐந்து ஆண்டுகள் இப்படியே போயின. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. 1833இல்தான் நியூரம்பெர்க் தொழில்நுட்பப் பள்ளியில் வேலை அமைந்தது.

ஆனால் ஓர் உண்மை கணக்கில் சரியாக இருந்தால் அதை எத்தனை நாள் மூடி வைக்க முடியும்? பிற நாட்டு ஆராய்ச்சியாளர்கள் தாங்களே அளந்து பார்த்தார்கள். ஓம் சொன்னபடியே வந்தது. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி தன் உயர்ந்த பரிசான காப்ளி பதக்கத்தை அவருக்கு அளித்தது. மறு ஆண்டு தன் வெளிநாட்டு உறுப்பினராகவும் ஏற்றது. அயல் நாடு மதித்த பிறகுதான் சொந்த நாடு விழித்துக்கொண்டது. 1849இல் மியூனிக் நகருக்கு அழைத்தார்கள். 1852இல் பௌதிகப் பேராசிரியர் பதவி கொடுத்தார்கள். புத்தகம் எழுதி இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 63ஆவது வயதில்! இரண்டே ஆண்டுகள் அனுபவித்தார். 1854 ஜூலை 6ஆம் நாள் காலமானார்.

அவர் காலமாவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, அவருடைய கணக்குக்கும் நம் மலாயா மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டாகியிருந்தது. தந்திக் கம்பியைக் கடலுக்கு அடியில் போட வேண்டுமானால், கரண்ட் தண்ணீரில் கசியாதபடி கம்பிக்கு ஒரு சட்டை வேண்டும். நம் காட்டில் வளர்ந்த தாபான் மரத்தின் பால், கட்டா பெர்ச்சா என்ற பெயரில், 1840களில் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் போயிற்று. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே போட்ட கடல் கம்பிக்கு அந்தப் பால்தான் சட்டை. கம்பி எத்தனை மைல் நீண்டால் தடை எவ்வளவு, கரண்ட் எவ்வளவு என்று பார்க்க ஓமின் கணக்கு வேண்டியிருந்தது. 1881இல் பாரிஸ் மாநாட்டில் தடையின் அளவுக்கு ஓம் என்றே பெயர் வைத்தார்கள்.

நம் வீட்டுக் கணக்கு

கதை முடிந்தது. கணக்கு முடியவில்லை. அது நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

வீட்டுக் கரண்டை 240 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 48 ஓம் தடையுள்ள இஸ்திரிப் பெட்டியில் 5 ஆம்பியர் ஓடும். 24 ஓம் தடையுள்ள கெட்டிலில் 10 ஆம்பியர். 80 ஓம் தடையுள்ள சோற்றுப் பானையில் 3 ஆம்பியர். மூன்றையும் ஒரே பிளக்கில் சொருகினால்? வீட்டில் ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனிப் பாதை. ஒன்றை அணைத்தால் மற்றது எரியும். திருவிழாவில் தொங்கும் பழைய சீரியல் பல்புகள் போல ஒன்று போனால் எல்லாம் போகாது. அதனால்தான் எல்லாப் பாதையின் கரண்டும் கூடிக்கொண்டே போகும். மொத்தம் 18 ஆம்பியர். அந்த பிளக்கோ 13 ஆம்பியருக்குச் செய்தது. கம்பி சூடேறும், ரப்பர் உருகும், பலகைச் சுவர் பற்றிக்கொள்ளும். பியூஸ் எரிந்து போனால் அது நம்மைக் காப்பாற்றத்தான் தன் உயிரை விட்டது. அந்த இடத்தில் தடித்த கம்பியையோ சிகரெட் தாளையோ வைத்துச் சமாளிப்பது, காவல்காரனை அனுப்பிவிட்டுத் திருடனைக் கூப்பிடுவது போல.

இன்னொரு கணக்கு, உயிர்க் கணக்கு. காய்ந்த தோலுக்குத் தடை அதிகம். ஒரு லட்சம் ஓம் வரைகூட இருக்கும். ஈரமானால் ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 240ஐ ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய கால் ஆம்பியர். நெஞ்சு வழியாக அதில் பாதி ஓடினாலே உயிரைப் பறிக்கப் போதும். பால் வெட்டிக் கை கழுவிய ஈரத்தோடு சுவிட்சைத் தொடாதே என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பயமுறுத்தல் இல்லை. அது ஓம் போட்ட கணக்கு.

செம்பனைத் தோட்டத்துச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. குலை வெட்டும் அலுமினியக் கம்பு கரண்டுக்குத் திறந்த கதவு. அதற்குத் தடை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. தலைக்கு மேல் 11,000 வோல்ட் கம்பி போகும் இடங்கள் உண்டு. கம்பைத் தூக்கும் முன் தலையைத் தூக்கிப் பாருங்கள். கம்பி பக்கத்தில் போனால் அந்த மரத்தை விட்டுவிட்டு மேலே சொல்லுங்கள். ஒரு குலைக்காக உயிர் போகக்கூடாது. வீட்டில் யாரையாவது கரண்ட் பிடித்துவிட்டால், பதறிப்போய்த் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அது முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் கம்பியைத் தள்ளிவிடுங்கள். இது வீட்டுக் கம்பிக்கு மட்டும். மேலே போகும் பெரிய கம்பியாக இருந்தால் கிட்டேயே போகக்கூடாது. கரண்டை நிறுத்தச் சொல்லி உடனே தகவல் கொடுங்கள்.

முடிவாக ஒன்று. எர்லாங்கன் பூட்டுக்காரர் தம் மகனுக்கு நிலபுலன் வைத்துவிட்டுப் போகவில்லை. வேலை முடிந்து வந்த களைப்போடு உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தார். மகன் தடம் மாறியபோது கண்டித்துத் திருப்பினார். ஏழைத் தகப்பனாரால் முடிந்தது அவ்வளவுதான். இன்று பூமியின் எந்த மூலையில் விளக்கு எரிந்தாலும் அந்தப் பட்டறைப் பள்ளிக்கூடத்தின் கணக்கு அதில் இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு ரேடியோவைப் பிரித்துப் போட்டுப் பார்க்கும் கை இருக்கிறது. சாமானைக் கெடுக்கிறான் என்று அடிக்காதீர்கள். வீட்டுக் கரண்டில் கை வைக்க விடாதீர்கள். ஒரு டார்ச் பேட்டரி, ஒரு சின்ன பல்பு, இரண்டு முழம் கம்பி வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். கணக்குப் பாடத்தை விடாமல் படித்தால், நாளைக்கு அவனோ அவளோ வயர்மேன் சான்றிதழ் வாங்கி நிற்கலாம். அதற்கு மேலும் போகலாம்.

நாளை விடிகாலையில் நெற்றி விளக்கைத் துடைக்கும்போது, அந்தப் பூட்டுக்காரரையும் அவர் மகனையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.